ஏழாவது தீர்மானம்

வருகை: முப்பத்தோரு பேர், ஒரு நாய்.
நாயை எழுத வேண்டாம் என்றார்கள்.
எழுதிவிட்டேன்.
ரயில்வே அணியின் நாய் அது,
நட்சத்திர அணியின் பக்கம் போய்ப் படுத்திருந்தது.

இடம்: பாசோ லார்கோ தீயணைப்புக் கொட்டகை.
ரயில்வேக்காரர் கூடத்தில்
நட்சத்திரக்காரர் கால் வைப்பதில்லை.
நட்சத்திரக்காரர் கூடத்தில் மழை ஒழுகுகிறது.
ஆகவே தண்ணீர் வண்டிக்கு இந்தப்புறம் பாதி நாற்காலி,
அந்தப்புறம் பாதி.

நான் நெலிடா,
போச்சாக் கழகத்தின் பொருளாளர்.
உறுப்பினர் பதினொருவர்,
அவர்களில் நால்வருக்கு இடுப்பெலும்பு புதிது.
மண் தடத்தில் மர உருண்டையை உருட்டிவிட்டு
யாருடையது குட்டிப் பந்துக்கு அருகில் என்று
நூல் பிடித்துச் சண்டை போடுகிற ஆட்டம் எங்களுடையது.
அரை விரற்கடையும் விட்டுக்கொடுக்காதவள் என்று
எனக்கொரு பேர்.
குறிப்பேடு அதனால்தான் என் மடிக்கு வந்தது.

நகராட்சிக் கடிதம் வாசிக்கப்பட்டது.
தனித்தனியாகக் கேட்டால் எவருக்கும் இல்லை.
ஒரே பெயரில் வந்தால்
விளக்குக் கம்பங்களுக்குப் பாதிச் செலவு.
காப்பீட்டுக்காரரும் அதையே சொன்னார்,
இன்னும் கொஞ்சம் கடுமையாக.

பிறகு சொத்து விவரம்.
படகுக் கழகம்: நான்கு படகு. ஒன்று மிதக்கும்.
சைக்கிள் கழகம்: ஒரு காற்றடிக்கும் பம்பு, ஒரு கோப்பை,
பேக்கரியில் பாக்கி.
ஹேண்ட்பால் பெண்கள் சார்பில்
பெட்ரோல் பங்குச் சீருடையோடு மிரெய்யா எழுந்தாள்.
"மைதானம் இல்லை. வலை இல்லை. கூடம் இல்லை.
நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம்."
நாற்பத்திரண்டு.
வண்டிக்கு இரண்டு பக்கமும்
மற்ற எல்லோரையும் கூட்டினாலும் அத்தனை வராது.
கொஞ்ச நேரம் யாரும் இருமக்கூட இல்லை.

ரயில்வே: புல்வெட்டும் இயந்திரம் ஒன்று.
"அது எங்களுடையது,
எண்பத்தேழில் இரவல் வாங்கிப் போனது" என்றது நட்சத்திரம்.
எண்பத்தேழு என்றதும் அடெமார் எழுந்துவிட்டார்.
"அந்த பெனால்டியையும் எழுது.
பந்து கோட்டைத் தாண்டியது."
"தாண்டவில்லை" என்றார் ஒசிரிஸ்,
வண்டியின் மறுபக்கத்திலிருந்து, முகம் தெரியாமல்.
எந்தப் பத்தியில் எழுதுவது, வரவா, செலவா?
நிலுவை என்று போட்டு
பொதுக்கணக்கில் சேர்த்தேன்.

நிறத்துக்கு ஒரு மணி நேரம் போயிற்று.
கடைசியில், வண்டிக்கு அடித்தது போக
டின்னில் மிச்சமிருந்த சிவப்பு.
பெயருக்கு இன்னொரு மணி நேரம்.
அதை இங்கே எழுதப்போவதில்லை,
மிக நீளம்; யாருக்கும் பிடிக்கவில்லை;
எல்லோரும் கை தூக்கினார்கள்.

எங்கள் கழகம் தனியாக வாக்களித்தது,
பலகையைக் கழற்ற வேண்டியது நாங்கள்தான் என்பதால்.
நான் எதிர்த்தேன்.
எண்ணியவளும் நான்தான்.
சேர்வதற்கு ஆறு, வேண்டாமென்று ஐந்து.
இரண்டாவது தடவை எண்ணினேன்,
கொஞ்சம் மெதுவாக.
ஆறு. ஐந்து.

ஏழாவது தீர்மானம்:
இயந்திரம் யாருடையது என்ற பேச்சு ஒத்திவைக்கப்படுகிறது.
எடுத்துப் போகிறவர்
அது குடித்த அளவு பெட்ரோலை ஊற்றிவைக்க வேண்டும்.
எதிர்ப்பின்றி நிறைவேறியது.

இது ஆகஸ்ட். குளிர்.
கம்பங்கள் நான்கும் எரிகின்றன.
மிரெய்யாவின் பெண்கள் முதலில் இறங்கினார்கள்,
வாயில் புகை விட்டுக்கொண்டு.
படகுப் பையன்கள் ஓரமாக ஓடுகிறார்கள்.
அடெமார் இன்னும் வடக்கு வாசல் வழியாகத்தான் வருகிறார்,
ஒசிரிஸ் தெற்கு வழியாக.
எங்கள் தடத்திலும் வெளிச்சம் சிந்துகிறது,
எட்டு மணிக்குப் பிறகும் ஆடுகிறோம்.
சற்றுமுன் நூலைப் பிடித்தேன்.
மண்ணில் அதற்கு நான்கு நிழல்.
எந்த நிழலைப் பார்த்து அளந்தாய் என்று
இப்போது புதிதாக ஒரு சண்டை.